குழாயில் தண்ணீர் வரும் அன்றைக்குத்தான் கொசுமுட்டையும் பொரிக்கிறது

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். இரண்டு நீல டிரம், பின்கட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி, அப்புறம் அண்டா, குடங்கள் என்று பிடித்து வைத்துக்கொள்கிறோம். போன மாதம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நன்றாக இருக்கிறான். தெருவில் இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல். பேரூராட்சியிலிருந்து வந்து புகை அடித்தார்கள், சாக்கடைக்கு மருந்து தெளித்தார்கள். கொசு குறையவில்லை. ஒவ்வொரு முறையும் டிரம்மைக் காலி செய்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்கிறோம். ஆனாலும் புழு வந்துவிடுகிறது. அது எப்படி? கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வந்த பெண்ணை என் மாமியார் உள்ளே விடவில்லை. "குடிக்கிற தண்ணியில விஷத்தை ஊத்துவீங்களா" என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். அவர் சொல்வது சரியா? மீன் விடலாம் என்கிறார்கள், எண்ணெய் ஊற்றலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, அங்கே வீட்டுக்குள் வந்து பார்த்து அபராதமே போடுவார்கள் என்கிறான். நாங்கள் என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட காலத்துக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். பிறகு வேறொரு வகை தாக்கினால், முதல் தடவையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "ஒரு தடவை வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தெருவில் மற்றவர்களைவிட உங்கள் வீட்டுக்குத்தான் இப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி, "காலி செய்துவிட்டுத்தான் பிடிக்கிறோம், ஆனாலும் புழு வந்துவிடுகிறது" என்பது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றது பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புப் புள்ளிகள் அவை. கறை என்றுதான் நினைப்போம். ஒரு தடவை இரத்தம் குடித்தால் சுமார் நூறு முட்டை வரை வைக்கும். அத்தனையையும் ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிரித்து வைக்கும். ஒன்றை நீங்கள் கழுவிக் கொட்டினாலும் இன்னொன்றில் தன் வம்சம் பிழைத்துவிடும் என்பதுபோல.

அந்த முட்டைக்குள் புழு உருவாக இரண்டு மூன்று நாள் போதும். அதன் பிறகு முட்டை காய்ந்து போனாலும் சாகாது. தண்ணீரே இல்லாமல் பல மாதங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். என்றைக்குத் தண்ணீர் மட்டம் ஏறி அதை மூழ்கடிக்கிறதோ அன்றைக்குப் பொரிக்கும். சில மணி நேரத்திலேயே புழு வெளியே வந்து நீந்த ஆரம்பித்துவிடும்.

இனி உங்கள் டிரம்மைப் பாருங்கள். தண்ணீர் வந்த அன்று விளிம்புவரை நிரப்புகிறீர்கள். நாளுக்கு நாள் மொண்டு எடுக்க எடுக்க மட்டம் இறங்குகிறது. இறங்கிய இடமெல்லாம் ஈரச் சுவர். கொசு வந்து அதில் முட்டை வைக்கிறது. பத்தாம் நாள் டிரம் காலியாகிறது. அடியில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் நீங்கள் கவிழ்த்துவிடுகிறீர்கள். புழு இருந்தால் அதோடு போய்விடும். முட்டை போகாது, அது சுவரில் இருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் குழாயில் தண்ணீர் வந்து டிரம் நிரம்பும்போது, பத்து நாளாகச் சேர்ந்த முட்டைகள் அத்தனையும் ஒன்றாக மூழ்குகின்றன, பெரும்பாலானவை ஒன்றாகப் பொரிக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் புழு நான்கு முறை தோல் உரித்து, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் ஆகும். அடுத்த தண்ணீர் வருவதோ பத்தாம் நாள். நீங்கள் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பே அது பறந்து போயிருக்கும்.

"வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் காலி செய்யுங்கள்" என்று வானொலியிலும் துண்டுப் பிரசுரத்திலும் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அது சரியான அறிவுரையே. ஆனால் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் வீட்டில் ஏழாம் நாள் தண்ணீரைக் கொட்டச் சொன்னால் யார் கொட்டுவார்கள்? நானாக இருந்தாலும் கொட்ட மாட்டேன். வீடு வீடாகப் போய்ப் புழு பார்க்கும் பூச்சியியல் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெற்கு மாவட்டங்களில் டெங்கு திரும்பத் திரும்ப வருவதற்கு மக்களின் அசிரத்தையைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். 2012இல் கடையநல்லூரை மையமாக வைத்து டெங்கு பரவியபோது உங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்கே நினைவிருக்கும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அரசுக் கணக்கில் மட்டும் 12,826 பேருக்கு டெங்கு. 66 பேர் இறந்தார்கள்.

ஆகவே தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சுவரைத் தேயுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நாள் காலையில், பிடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு டிரம்மையும் தொட்டியையும் உட்புறம் முழுவதும் தேங்காய் நாராலோ கெட்டியான பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். கையால் ஒரு சுற்றுத் துடைப்பதோ வெறும் தண்ணீர் விட்டு அலசுவதோ போதாது. முட்டை பசை வைத்ததுபோல் ஒட்டியிருக்கும். பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, உட்சுவரில் பூசி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது. அப்புறம் நன்றாக அலசிவிடுங்கள். அலசிய தண்ணீரைச் சாக்கடையிலோ செடித் தொட்டித் தட்டிலோ ஊற்றாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் வீசிக் கொட்டுங்கள். தேய்த்து உதிர்ந்த முட்டைக்கு மறுபடி தேங்கிய தண்ணீர் கிடைக்கக் கூடாது.

சிமெண்ட் தொட்டியில் இரு மடங்கு சிரத்தை வேண்டும். சொரசொரப்பான சுவர் என்றால் அந்தக் கொசுவுக்கு மிகவும் பிடிக்கும், முட்டையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும். விளிம்பிலிருந்து அடிவரை விடாமல் தேயுங்கள். மூலைகளை மறக்காதீர்கள்.

தேய்க்கும் நாளில் பாதி டிரம் தண்ணீர் மிச்சமிருந்தால்? அதையும் வீணாக்க வேண்டாம். வாயகன்ற வேறு பாத்திரத்தின் மேல் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதன் வழியாக ஊற்றி வடிகட்டுங்கள். புழு, கூட்டுப்புழு எல்லாம் துணியில் தங்கிவிடும். துணியை வெயிலில் உதறிக் காயப் போட்டால் போதும். டிரம்மைத் தேய்த்த பிறகு அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வேலைக்குப் பணம் வேண்டாம், மருந்து வேண்டாம், பேரூராட்சி வரவும் வேண்டாம்.

அடுத்தது மூடி. டிரம்மின் மேல் ஒரு தகரத்தையோ பலகையையோ சாய்த்து வைப்பது மூடி ஆகாது. விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கொசு தாராளமாக உள்ளே போகும். கல்யாண வீட்டுத் தாம்பாளத்தால் மூடியிருந்தால், அதன் குழிவில் மழைத் தண்ணீர் தேங்கி அங்கேயே தனியாகப் புழு வளர்வதையும் பார்த்திருக்கிறேன். துணியால் மூடுவதானால் விறைப்பாக இழுத்து, விளிம்பைச் சுற்றிக் கயிறாலோ பழைய சைக்கிள் டியூபாலோ இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டினால் துணி தொய்ந்து தண்ணீரில் முட்டும், அந்த ஈரத்தில் கொசு முட்டை வைக்கும்.

இதில் எந்தப் பாத்திரத்துக்கு முன்னுரிமை என்று கேட்டால், கடைசியாகத் தீரும் பாத்திரத்துக்கு. குடத்துத் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அண்டா மூன்று நாளில் தீரும். அவற்றில் புழு வந்தாலும் கொசுவாகும்வரை அவகாசம் இல்லை. ஆபத்து எங்கே என்றால், "அது கடைசிக்கு இருக்கட்டும்" என்று தொடாமல் வைத்திருக்கும் இரண்டாவது டிரம்மிலும் பின்கட்டுத் தொட்டியிலும்தான். முதல் டிரம்மைத் தினமும் திறந்து மூடித்தான் ஆக வேண்டும். இரண்டாவதைத் தேய்த்து, நிரப்பி, அன்றே இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஏழாம் நாள் வரை அதைத் திறக்க வேண்டாம்.

சரி, வேலை பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டார்ச் அடித்துப் பாருங்கள். நிழலோ வெளிச்சமோ பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சு வாங்க மேலே வந்து, வால் பக்கத்துக் குழாயை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அவற்றோடு, காற்புள்ளி வடிவத்தில் தலை பெருத்த சில பூச்சிகளும் துள்ளித் துள்ளி நீந்துகின்றனவா என்று கவனியுங்கள். அதுதான் கூட்டுப்புழு. நாங்கள் பியூப்பா என்போம். புழுவில் பல செத்துப்போகும், எல்லாம் கொசுவாவதில்லை. ஆனால் கூட்டுப்புழு கண்ணில் பட்டால், இரண்டு நாளில் அந்தப் பாத்திரத்திலிருந்து கொசு பறக்கப் போகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பல நாடுகளில் வீடு வீடாக எண்ணிப் பார்த்ததில் தெரியவந்தது இதுதான்: ஊரில் நூறு வகைப் பாத்திரம் இருந்தாலும், பெரும்பாலான கூட்டுப்புழுக்கள் இரண்டு மூன்று வகைப் பாத்திரங்களில்தான் இருக்கும். உங்கள் தெருவில் அது டிரம்மும் சிமெண்ட் தொட்டியும்தான் என்று நான் நினைக்கிறேன். தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிட்டு, டிரம்மைத் திறந்து பார்க்காத ஒழிப்பு முகாம்களால் பெரிய பயன் இல்லை.

சிரட்டையை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. தண்ணீர்ப் பாத்திரங்களை முடித்த பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரு தட்டு இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. ஏர்கூலர் அடித்தொட்டி, எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்களுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், மணி பிளான்ட் வளரும் பாட்டில், கோழிக்கு வைக்கும் சட்டி, முற்றத்தில் போட்டு வைத்த ஆட்டுரல், மொட்டை மாடியில் பழைய டயர், சன்ஷேடில் இலை அடைத்துத் தேங்கிய மழைத் தண்ணீர். உபயோகமில்லாத ஆட்டுரலின் குழியை மண்ணோ மணலோ போட்டு நிரப்பிவிடுங்கள். கவிழ்க்கக் கூடியதைக் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்து சாக்கடை. இதில்தான் ஊரே குழம்பிக்கிடக்கிறது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது வேறு கொசு, கியூலெக்ஸ். பழுப்பு நிறம், இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்கு கொசு கறுப்பு. காலில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். பகலில், அதுவும் காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும், முழங்காலுக்குக் கீழே சத்தமில்லாமல் கடிக்கும். அதற்கு வேண்டியது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கியிருக்கும் ஓரளவு தெளிந்த நீர். ஆகவே சாக்கடைக்கு மருந்து தெளித்ததும் டெங்கு குறையாததும் முரண் அல்ல. அந்த மருந்து இரவுக் கொசுவுக்கானது. அதுவும் தேவைதான், ஆனால் உங்கள் மகனைக் கடித்த கொசு அங்கே பிறக்கவில்லை. செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலைத் துணியைக் கட்டிவிடுங்கள். சின்ன வேலை, இரவுக் கடி நன்றாகக் குறையும்.

புகை அடிப்பது பற்றியும் நேராகவே சொல்கிறேன். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு மீது மருந்துத் துளி பட்டால் அது சாகும். முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் எதுவும் ஆகாது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிகளுக்குப் பின்னால், அலமாரி இருட்டில். தெருவில் வண்டியிலிருந்து புகை வருவதைப் பார்த்ததும் நாம் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அப்புறம் அது யாரைக் கொல்லும்? மறுநாள் உங்கள் டிரம்மிலிருந்து புதுக்கொசு பறக்கும். ஆனால் ஒரு நிலைமையில் புகையோ தெளிப்போ அவசியம்: வீட்டில் ஒருவருக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது என்றால், அந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் ஏற்கெனவே வைரஸ் ஏறிய கொசுக்கள் பறந்துகொண்டிருக்கலாம். புழு ஒழிப்பு அவற்றைத் தொடாது. அப்போது வீட்டுக்குள் வந்து தெளிக்கச் சொல்லிக் கேளுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள். இப்போது உங்கள் தெரு இருப்பது அந்த நிலைமையில்தான்.

காய்ச்சலில் படுத்திருக்கும் அந்த மூன்று பேரையும் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் நான்கைந்து நாள் அவர்கள் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவர்களைக் கடிக்கும் கொசு, எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கும். பிறகு அது சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் கோபித்துக்கொண்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்கும் தண்ணீரில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்பது வீட்டுப் பெரியவரின் உரிமை. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. எங்கள் துறை அதைச் சரியாகச் செய்ததில்லை.

அபேட் என்று நாம் சொல்வது டெமிபாஸ் என்ற பூச்சிமருந்து. நரம்பைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே 'விஷம்' என்று அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் கொசுப்புழுவைக் கொல்ல மிகக் குறைந்த அளவே போதும், அந்த அளவு மனிதருக்கு ஆபத்தில்லாதது என்பதால்தான் இதைக் குடிநீருக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் குடிநீரில் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து ஏற்றிய மணல்குருணையாக இருந்தால், பத்து லிட்டருக்கு ஒரு கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக இப்படிப் போடுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கையும் உண்டு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை, தன் உடல் எடைக்கு மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பால் கலக்க மருந்து போடாத தண்ணீரை வைத்துக்கொள்வது நல்லது.

எனவே என் ஆலோசனை இது. குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் குடங்களுக்கு அபேட் தேவையே இல்லை. அவை இரண்டு நாளில் தீர்ந்துவிடும், தேய்த்துக் கழுவினால் போதும். பின்கட்டு சிமெண்ட் தொட்டியை மூட முடியாது, அதன் தண்ணீரைத் துணி துவைக்கவும் கழுவவும்தான் எடுக்கிறீர்கள் என்றால், அதில் ஊற்றட்டும். இப்படிச் சொன்னால் உங்கள் மாமியாரும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். வரும் பணியாளர் அளந்து ஊற்றுகிறாரா என்று பாருங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அவர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கடையில் வாங்கி நீங்களாக ஊற்றுவது மட்டும் வேண்டாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: மருந்து ஊற்றிய தொட்டியைப் பத்தாம் நாள் காலி செய்து புதுத் தண்ணீர் பிடித்தால் மருந்தும் போய்விடும். அபேட் ஊற்றியாயிற்று என்று தேய்ப்பதை நிறுத்திவிடக் கூடாது. வருடக்கணக்கில் இந்த ஒரு மருந்தையே நம்பிய பிரேசில் போன்ற நாடுகளில், அதற்கு அசையாத கொசுக்கள் பெருகிவிட்டன.

அந்தப் பெண் பணியாளரைத் திருப்பி அனுப்பியது எனக்கு வருத்தம்தான். குறைந்த சம்பளத்தில், வெயிலில், ஒரு நாளில் பல பத்து வீடுகள் ஏறி இறங்குகிறார்கள். எங்கே கூட்டுப்புழு இருக்கிறது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த முறை வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரசாயனமே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தார்கள். கொசுப்புழு இதைத் தின்றால் அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் நச்சுப் புரதம் கரைந்து குடலை அரித்துவிடும். மனிதர், மாடு, மீன், தேனீ எதற்கும் கெடுதல் இல்லை. புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்திப் பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் நாட்டு மண்ணிலிருந்தே இதன் ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்திருக்கிறது. ஒரு குறை: தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, அதனால் அதற்கு இது பலிக்காது. உங்கள் பேரூராட்சியில் இது இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மீன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பூசியாவும் கப்பியும் கொசுப்புழுவை நன்றாகத் தின்னும். வீட்டுக் கிணறு, கோயில் நந்தவனத்துத் தொட்டி, அலங்காரக் குளம் போன்றவற்றுக்கு ஏற்றவை. அடிக்கடி காலி செய்து பிளீச்சிங் போட்டுத் தேய்க்கும் உங்கள் தொட்டிக்கு ஒத்துவராது, மீன் செத்துப்போகும். ஏரி, குளம், ஓடையில் மட்டும் கம்பூசியாவைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மீன் அது. நம் ஊர்ச் சிறு மீன்களின் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்று தீர்த்துவிடும்.

எண்ணெய் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிச் சாக்கடையில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது புழுவை மூச்சுத் திணற வைப்பது உண்மைதான். ஆனால் கடைசியில் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும்.

உங்கள் தம்பி சொல்வது சரி. சிங்கப்பூரில் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள். கொசுப்புழு இருந்தால் முதல் தடவைக்கே அபராதம் உண்டு. ஒரு ஊரே சேர்ந்து தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னும் பழைய சான்றும் இருக்கிறது. இதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். 1901இல் கியூபாவின் ஹவானா நகரில், வில்லியம் கோர்காஸ் என்ற இராணுவ மருத்துவர் வீடு வீடாக ஆளனுப்பித் தொட்டிகளை மூட வைத்தார், பீப்பாய்களைக் கவிழ்க்க வைத்தார். பல தலைமுறைகளாக அந்த நகரைக் கொன்றுகொண்டிருந்த மஞ்சள் காய்ச்சல் அந்த ஆண்டுக்குள்ளேயே நின்றது. தடுப்பூசியும் இல்லை, புகை அடிக்கும் வண்டியும் இல்லை. பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போய், 1958இல் ஏடிஸ் எஜிப்டியே இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். சில ஆண்டுகளில் கொசு திரும்பி வந்தது, இன்று அங்கே டெங்கு மிக அதிகம். சிங்கப்பூரிலும் 2020இல் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. எவ்வளவு கண்டிப்பான ஊராக இருந்தாலும் இந்த வேலையை நிறுத்த முடியாது. அபராதத்தை மட்டும் நம்பவும் முடியாது. அங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வருகிறது, டிரம்மில் சேர்த்து வைக்க வேண்டிய அவசியமில்லை. அபராதத்தைவிட அதுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கருத்து.

இனி உங்கள் தெரு. ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். அதாவது உங்கள் பையனைக் கடித்தது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீடுகளிலோ பிறந்த கொசுவாகத்தான் இருக்கும். இதில் ஒரு வசதி இருக்கிறது: ஊர் முழுவதும் திருந்தக் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் தெரு ஒன்று சேர்ந்தாலே பலன் தெரியும். ஒரு சங்கடமும் இருக்கிறது: நீங்கள் மட்டும் தேய்த்தால் போதாது. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஒரே நாளில்தானே வருகிறது? அந்தக் காலையில் எல்லோரும் டிரம் தேய்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் சுயஉதவிக் குழு இருந்தால் அவர்கள் மூலம் பேசுங்கள், சீக்கிரம் நடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடித் தொட்டி, காலி மனையில் கிடக்கும் டயர் போன்றவற்றை நீங்கள் தொட முடியாது. அவற்றை எழுதி, பேரூராட்சி செயல் அலுவலருக்கு மனுவாகக் கொடுங்கள். கொசு உற்பத்தியாகும் இடத்தின் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதே மனுவில், தண்ணீர் விடும் இடைவெளியைப் பத்து நாளிலிருந்து ஆறு நாளாகக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் குறைவாக விட்டாலும் பரவாயில்லை, அடிக்கடி விடட்டும். ஆறு நாளுக்கு ஒரு முறை டிரம் காலியாகித் தேய்க்கப்பட்டால் புழு கொசுவாகவே முடியாது.

இதை ஒரு முறை செய்துவிட்டு, "கொசு இன்னும் கடிக்கிறதே" என்று சோர்ந்துவிடாதீர்கள். ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசுக்கள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். இரண்டாவது தண்ணீர் நாள் தாண்டி, மூன்றாவதிலிருந்துதான் வித்தியாசம் தெரியும். அதுவரை பையனுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது முழங்கால் மறைகிற உடுப்பும், பகலில் படுத்தால் கொசுவலையும் வேண்டும். மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினோ புரூஃபெனோ கொடுக்க வேண்டாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காய்ச்சல் விட்ட பிறகும் அசதியாகச் சாய்ந்து கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போன மாதம் டெங்கு வந்த பையன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.